சீரிஸா, பேரலலா? சோலார் பேனல் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சிராங்கூன் கார்டன்ஸ்): தரைவீட்டின் கார் கொட்டகைக் கூரையில் நான்கு 100 வாட் பேனல் வைத்திருக்கிறேன். பேட்டரி 12 வோல்ட். சீரிஸில் போடுவதா, பேரலலில் போடுவதா?

சீரிஸ் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது, வோல்டேஜ் கூடும்; பேரலல் என்றால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், கரண்ட் கூடும். ஆனால் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் எது என்று எழுதவில்லையே! அதைச் சொல்லாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பேனல் வோல்டேஜை அப்படியே பேட்டரி அளவுக்கு இறக்கிவிடும் பி.டபிள்யூ.எம். வகை என்றால் நான்கும் பேரலல், வேறு வழியில்லை. கூடுதல் வோல்டேஜைக் கரண்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகை என்றால் முதலில் பேனலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். வி.ஓ.சி., அதாவது எதையும் மாட்டாதபோது பேனல் காட்டும் வோல்டேஜ், சுமார் 22 வோல்ட் இருக்கும். நான்கையும் சீரிஸில் போட்டால் 88. நூறு வோல்ட் கண்ட்ரோலர் அதைத் தாங்கும். 75 வோல்ட் கண்ட்ரோலர் அன்றைக்கே போய்ச் சேரும்.

குளிரில் வோல்டேஜ் ஏறும், 20 சதவீதம் விட்டுவையுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. லேபிள் கணக்கு 25 டிகிரிக்கு. சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934-இல். நமக்குத் தலைவலி சூடுதான். நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது, வேலை செய்யும்போது 18 வோல்ட் தர வேண்டியது 15, 16-க்கு இறங்கிவிடும். லித்தியம் பேட்டரி நிறைய 14-க்கு மேல் வேண்டும். நீள வயரில் இன்னும் கொஞ்சம் போனால் கண்ட்ரோலர் திணறும். எம்.பி.பி.டி. வைத்திருப்பவர்கள் குறைந்தது இரண்டு பேனலையாவது சீரிஸில் போடுங்கள்.

கேள்வி (ஈசூன்): பழைய 50 வாட் பேனல் ஒன்று சும்மா கிடக்கிறது. புது 100 வாட் பேனலோடு சீரிஸில் சேர்க்கலாமா?

சேர்த்தால் பெரியது சின்னதின் கரண்டுக்கு இறங்கிவரும். 150 வாட் கனவு, 100 வாட் நிஜம். இரண்டின் வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பேரலலில் போடுங்கள். ஒன்றா என்று என்னைக் கேட்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

கேள்வி (பொங்கோல்): வீவக வீடு. துணி காயப்போடும் கம்பு மாட்டுகிற இடத்தில் சின்னப் பேனலைத் தொங்கவிடலாமா?

கூடவே கூடாது. கீழே ஆள் நடக்கிறார்கள். பால்கனி இருந்தால் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் வையுங்கள். இன்வர்ட்டரை வீட்டுச் சாக்கெட்டில் செருகும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரத்தோடு சேர்ப்பது உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யும் வேலை.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): வீட்டு டிபி பாக்ஸில் (மெயின் சுவிட்ச் பெட்டியில்) இருந்து கழற்றிய பிரேக்கர் ஒன்று இருக்கிறது. பேனலுக்குப் போடலாமா? கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்.

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. "எல்லாம் ஒன்றுதான்" என்கிற கடைக்காரருக்கும் பஞ்சம் இல்லை. ஒன்று இல்லை ஐயா! வீட்டு மின்சாரம் ஏ.சி., 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு நூறு தடவை கரண்ட் பூஜ்யத்துக்கு வருகிறது. பிரேக்கர் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். பேனலில் இருந்து வருவது டி.சி.; அதில் பூஜ்யமே கிடையாது. நான்கு பேனல் சீரிஸில் தரும் 88 வோல்டில் பிரேக்கரைத் திறந்தால் பொறி அணையாமல் உள்ளேயே நின்று எரியும். அப்படி எரிந்த ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள்: வெளியே லேசான பழுப்பு, உள்ளே பிளாஸ்டிக் உருகி வழிந்து நெம்புகோலோடு ஒட்டியிருந்தது. டி.சி. என்று அச்சிட்ட பிரேக்கரை, உங்கள் வோல்டேஜுக்கு மேலான அளவில் வாங்குங்கள். அதில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் மாற்றிப் போடாதீர்கள். மாற்றினால் அதுவும் ஏ.சி. பிரேக்கர் கதைதான்.

இன்னொன்று. சீரிஸில் கோத்த பேனல்களை ஒரு வரிசை என்போம். ஒற்றை வரிசைப் பேனல் ஷார்ட் ஆனாலும் 6 ஆம்பியர்தான் வரும், 10 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. அங்கே அது கழற்றி மாட்ட உதவும் சுவிட்ச், அவ்வளவே. மூன்று வரிசையோ அதற்கு மேலோ பேரலல் என்றால் வரிசைக்கு ஒரு ஃபியூஸ் வேண்டும். உண்மையான ஆபத்து பேட்டரிப் பக்கம். ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி ஆயிரம் ஆம்பியரைக்கூடத் தள்ளும். பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எழுபது வெள்ளி கண்ட்ரோலருக்குக் காசு இருக்கிறது, பத்து வெள்ளி ஃபியூஸுக்கு இல்லையா?

கேள்வி (செங்காங்): நாலு மணிக்குப் பக்கத்து புளோக் நிழல் ஒரு பேனல் மேல் விழுகிறது. என்ன செய்வது?

நகர்த்த முடியாது என்றால் பேரலலுக்கு மாற்றுங்கள். நிழல் விழுந்தது மட்டும் சோர்ந்துபோகும். நாலு மணிக்கு மேல் கிடைப்பது எப்படியும் சொற்பம்.

கேள்வி (தெம்பனிஸ்): கண்ட்ரோலரில் முதலில் எதை மாட்டுவது?

பேட்டரியை. கழற்றும்போது முதலில் பேனலை.

கேள்வி (உட்லண்ட்ஸ்): 400 வாட் பேனலில் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு நாளில் நிறையுமா?

வெயில் நாளில் நிறையும். டிசம்பர் மழையில் இரண்டு மூன்று நாள் ஆகும்.

கேள்வி (பிடோக்): பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்கள், வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும், ஒன்றோடு ஒன்று "கிளிக்" என்று பொருந்துகின்றனவே, போதாதா?

போதாது. உள்ளே உலோகம் சரியாக உட்காராமல் சூடேறி உருகும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி ஜோடியாக மாற்றுங்கள். வெயில் அடிக்கும்போது எதையும் கழற்றாதீர்கள். இருட்டிய பிறகு மாற்றுங்கள்.