அப்பாவின் பத்மினி மீண்டும் ஓடுமா?

கேள்வி: என் தந்தை வைத்திருந்த 1975ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார், அவர் காலமான பிறகு பதினாறு ஆண்டுகளாக எங்கள் வீட்டின் ஓலைக் கொட்டகையில் நிற்கிறது. 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறந்த வாரத்தில், தங்கச்சிமடத்தில் இருந்த அப்பத்தாவைப் பார்க்க எங்களை அதில்தான் அழைத்துச் சென்றார். அதுவரை மண்டபத்தில் காரை விட்டுவிட்டு ரயிலேறித்தான் போவோம். அண்ணன் காயலாங்கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார், அம்மா சம்மதிக்கவில்லை. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, பழைய பெயின்ட்டை முழுவதும் சுரண்டிச் சிவப்பு நிறம் அடித்துத் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். டிக்கி மூடியின் உட்புறத்தில், ஆயில் மாற்றிய தேதிகளை அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதுவும் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: சகோதரி, முதலில் அந்த ஸ்டார்ட் செய்யும் முயற்சியைத் தடுத்துவிடுங்கள். இத்தனை ஆண்டுகள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிப் பிடித்திருக்கக்கூடும். அந்த நிலையில் பேட்டரியின் வேகத்தில் சுழற்றினால், பிழைக்கக்கூடிய இன்ஜினும் கெட்டுவிடும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது ஆயிலை விட்டு, நாலைந்து நாள் ஊறவிட்டுப் பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும் என்பதால், டேங்கை இறக்கிக் கழுவாமல் ஒரு சொட்டுப் புதுப் பெட்ரோலும் ஊற்ற வேண்டாம். பிரேக் ரப்பர்கள் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும். அதில் சிக்கனம் கூடாது.

ஆனால் உங்கள் ஊரில் நிற்கும் காருக்கு இன்ஜினைவிடப் பெரிய கவலை அடித்தகரம்தான். இருபுறமும் கடல் நெருங்கியிருக்கும் அந்தப் பகுதியில், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்பைக் கொண்டுவராமல் இருப்பதில்லை. தகரத்தில் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத மாதங்களிலும் துரு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். பத்மினிக்கு அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. உடல் கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. எனவே அடித்தகரம் இற்றுப்போனால் அது அழகு பற்றிய குறையன்று, உயிருக்கே ஆபத்து.

ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழுள்ள பட்டையை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் பொத்தென்று சத்தமடங்கிப் போகும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன்பே புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமிட்ட இடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைக்க வேண்டுமே தவிர, பட்டி பூசி மறைக்கக் கூடாது. பட்டிக்கு அடியில் துரு இன்னும் வேகமாகப் பரவுவதைப் பல கார்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் மணலால் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். கழுவுவதற்கு உங்கள் பகுதியின் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். குழாயில் வரும் காவிரி நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

இனி அந்தப் பென்சில் எழுத்து. காரிலேயே விலைமதிப்பற்ற பகுதி அதுதான் என்று கருதுகிறேன். டிக்கி மூடியின் வெளிப்புறத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து, உட்புறத்தில் எழுத்துள்ள இடத்தைத் தாளும் டேப்பும் கொண்டு மூடிவிடலாம். டேப் எழுத்தின் மேல் படாமல் நாலு விரற்கடை தள்ளி ஒட்டப்பட வேண்டும். வேலை தொடங்கும் நாளில் நீங்களே அருகில் நின்று மூடிவிடுங்கள். சொல்லிவிட்டு வந்தால் போதாது. ஸ்டியரிங்கில் உங்கள் தந்தையின் கைபட்டுத் தேய்ந்த இடத்தையும் மெருகேற்ற விடாதீர்கள். பின்சீட்டைத் தூக்கும்போது அடியில் கிடப்பவற்றை அம்மா பார்க்கும் முன் பெருக்கித் தள்ள வேண்டாம். நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பு வேண்டவே வேண்டாம். டிக்கிக்குள் வெயில் படாத மூலையில் பழைய நிறம் அப்படியே இருக்கும், அதைக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள். பெயின்ட் வேலையை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைக்காமல், மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள்.

இன்று பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்கள் விரைவில் இளகிவிடும். அதைத் தாங்கும் குழாய்களாகக் கேட்டு வாங்குங்கள்.

பதிவுச் சான்று குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021இல் வந்த விதிகளின்படி தனிப் பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. அம்மாவைத் தங்கச்சிமடத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் அழைத்துப்போவதுதான் உங்கள் எண்ணமென்றால், தகுதிச் சோதனை செய்து, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பாலத்தைக் கடந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.