போர்ட்டைத் திறந்தாச்சு, இன்னும் ஏன் உள்ளே வர முடியவில்லை?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 11 கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் சர்வர் ஓட்டுகிறேன். அதே கணினியில் விளையாட முடிகிறது. ஆனால் அதே வைஃபையில் இருக்கும் தம்பியின் லேப்டாப்பில் இருந்து சேர முடியவில்லை, வெளியூர் நண்பர்களாலும் முடியவில்லை. ஃபயர்வாலில் (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் காவல்) சர்வரின் 25565 போர்ட்டை (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) அனுமதித்துவிட்டேன். போர்ட் சோதிக்கும் தளம் 'மூடியிருக்கிறது' என்றே சொல்கிறது. ஃபயர்வாலையே அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வெளியூர் நண்பர்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரே வைஃபையில் இருக்கும் தம்பிக்கே கிடைக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கணினிக்குள்தான். (தம்பி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். கெஸ்ட்டில் இருக்கும் சாதனங்களை மற்றவற்றோடு பேச விடாத ராவுட்டர்கள் நிறைய.)

சர்வரை ஓடவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறங்கள். நெட்வொர்க் டேபில் 'லிசனிங் போர்ட்ஸ்' என்றொரு பட்டியல் இருக்கும். அதில் 25565 இல்லவே இல்லை என்றால் சர்வரே காது கொடுக்கவில்லை, ஃபயர்வாலைக் குறை சொல்லிப் பயனில்லை. இருந்தும் முகவரி 'லூப்பேக்' என்று இருந்தால், சொந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்கிறது. சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் சர்வர் ஐபி (ஐபி என்றால் நெட்வொர்க்கில் கணினியின் முகவரி எண்) என்ற வரியைக் காலியாக விடுங்கள். இரண்டும் சரி என்றால், அதே பட்டியலின் கடைசி நெடுவரிசையில் ஃபயர்வால் ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது? 'நாட் அலவ்டு' என்றால் ஆள் அகப்பட்டது.

அனுமதி கொடுத்த பிறகும் ஏன் இப்படி? எனக்கும் ஒரு மாலை முழுக்கப் போன இடம் இது. ஒரு நிரல் முதல்முறை போர்ட்டைத் திறக்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தினால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். விண்டோஸோ அந்த நிரலுக்கு ஒரு தடை விதியை எழுதி வைத்துவிடுகிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் தடை விதிக்குத்தான் முன்னுரிமை. அப்புறம் போர்ட்டுக்கு எத்தனை அனுமதி விதி எழுதினாலும் அந்த ஒரு தடை எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, இன்பவுண்ட் ரூல்ஸுக்கு (உள்ளே வரும் இணைப்புகளுக்கான விதிகள்) போங்கள். தடை விதியை 25565 என்ற எண்ணை வைத்துத் தேடாதீர்கள், கிடைக்காது. விதி ஜாவாவின் பெயரில் இருக்கும், பெரும்பாலும் 'ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்று. பக்கத்தில் சிவப்புத் தடைக்குறி இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று (இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்) என்று ஜோடியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு பொறி நெட்வொர்க் வகை. புது வைஃபையை விண்டோஸ் 11 வழக்கமாகப் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் அனுமதி விதி 'பிரைவேட்'டுக்கு மட்டும் என்றால் அது வேலைக்கு வராது. வீட்டு வைஃபையை செட்டிங்ஸில் பிரைவேட் ஆக்கிவிடுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

ஃபயர்வால்தான் காரணமா என்று உறுதிசெய்ய இரண்டு நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து. ராவுட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது வெளியாளைத் தடுக்கும், வீட்டுக்குள் தொற்றோடு வந்த லேப்டாப்பைத் தடுக்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாகத்தான்.

தம்பி சேர்ந்துவிட்டாரா? சரி, இனி நண்பர்கள். ராவுட்டரில் உங்கள் கணினிக்கு மாறாத உள் ஐபி ஒதுக்கி, 25565 டிசிபியை அதற்குப் போர்ட் ஃபார்வர்டு செய்யுங்கள், அதாவது வெளியிலிருந்து அந்த போர்ட்டுக்கு வருவதை உங்கள் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். சோதிக்கும்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சர்வர் நின்றிருந்தால், வழி முழுக்கத் திறந்திருந்தாலும் அந்தத் தளம் 'மூடியிருக்கிறது' என்றுதான் சொல்லும். வீட்டு வைஃபையில் இருந்தபடி சொந்த வெளி ஐபியைத் தட்டிப் பார்ப்பதும் ஏமாற்றலாம், மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், ராவுட்டர் காட்டும் 'வான்' (WAN, இணையப் பக்க) ஐபியையும் 'என் ஐபி என்ன' வகைத் தளம் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ராவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. அப்போது உங்கள் ராவுட்டரில் என்ன செய்தாலும் நடக்காது. நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் வரும். இல்லையென்றால் சாதனங்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை எல்லோரும் நிறுவிக்கொண்டால் போர்ட்டே திறக்க வேண்டாம். நாலைந்து பேர் விளையாட எனக்கு அதுதான் பிடித்த வழி.

போர்ட் ஃபார்வர்டு வழியில்தான் போகிறீர்கள் என்றால், திறப்பதற்கு முன்பே சர்வரில் ஒயிட்லிஸ்ட்டை (பெயர் சேர்த்தவர்களை மட்டும் உள்ளே விடும் பட்டியல்) போட்டுவிடுங்கள். திறந்த போர்ட்டைத் தேடி அலையும் நிரல்களுக்கு உங்கள் நண்பர் யார், அந்நியர் யார் என்று தெரியாது.