சீதன வீட்டில் அவருக்குப் பாதி போய்விடுமா?

தங்கச்சி, கணவரைப் பிரிந்தால் ஊரில், களுவாஞ்சிக்குடியில், அம்மா தந்த சீதன வீட்டில் அவருக்குப் பாதி போய்விடுமா, இங்கே கனடாவில் ஸ்காபரோ வீடு அவர் பெயரில் இருப்பதால் உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே இல்லை. பயப்படாதீர்கள். ஆனால் ஊர் வீட்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

நம் மட்டக்களப்புப் பக்கம் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். இங்கே சிலர் தேசவழமை என்ற பழைய சொத்து வழமைச் சட்டத்தைச் சொல்லிப் புத்தி சொல்வார்கள். அது வடக்கு ஆட்களுக்கு உரியது, நமக்கு இல்லை. உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், உங்கள் பெயரில் இருந்தால் வீடு உங்களுடையதே. ஆனால் நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்தது ஒன்ராறியோ மாகாணத்தில் என்பதால், பிரிவின் சொத்துக் கணக்கு இங்கத்தைய குடும்பச் சட்டப்படிதான் நடக்கும்.

இந்தச் சட்டம் வீட்டையோ காணியையோ துண்டு போடுவதில்லை. கலியாண நாளில் இருந்த பெறுமதி, பிரிந்த நாளில் இருக்கும் பெறுமதி இரண்டையும் கடன் கழித்து எடுத்து, யாருக்கு எவ்வளவு கூடியது என்று பார்க்கும். அதிகம் கூடியவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் காசாகக் கொடுக்க வேண்டும். அவருடைய பென்சன், உங்கள் நகை, ஊர்க் காணி எல்லாம் கணக்கில் வரும்.

இப்போது அம்மாவிடம் சொல்லி உறுதியை எடுத்துப் பாருங்கள். எல்லை எழுதிய பக்கத்தை விடுங்கள். கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு கையெழுத்து வைத்த திகதிதான் வேண்டும். அது கலியாணத்துக்கு முந்தியது என்றால், வீடு நீங்கள் கொண்டுவந்த சொத்து. கலியாண நாளில் 60 லட்சம், பிரிந்த நாளில் 200 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கழிந்து, கூடிய 140 மட்டும் உங்கள் பக்கக் கணக்கில் ஏறும். கலியாணத்துக்குப் பிந்தியது என்றால் அது தாய் தந்த நன்கொடை. முழுவதையும் கணக்கிலிருந்து விலக்கலாம், கூடிய விலை உட்பட. நம் பிள்ளைகள் பலருக்கு கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சருக்காக எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முதலில் நடக்கும், தாலியும் சீதன உறுதியும் பிறகு வரும். சட்டம் அநேகமாக எழுத்து நாளைத்தான் பார்க்கும். ஆகவே இந்த இரண்டு திகதிகளும் உங்களுக்குப் பெரிய காசு. உறுதியில் அவர் பெயரும் சேர்ந்திருந்தால் கதை வேறு, லோயரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஊர் வீட்டை அவசரமாகத் தம்பி பெயருக்கு மாற்றிவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோர்ட்டுக்குக் கொடுக்கும் சொத்து விபரப் படிவம் சத்தியம் பண்ணிக் கொடுப்பது. மறைத்தது தெரிந்தால் நீதிபதி பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார். உங்களுக்குப் பதிலாக அவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவத்தைக் கேட்டால் அதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

ஸ்காபரோ வீடு குடும்பமாக வாழ்ந்த வீடு. பெயர் அவருடையதாக இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அங்கே இருக்க உங்களுக்கும் சம உரிமை உண்டு. கலியாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தாலும் அந்தப் பெறுமதியை அவர் கழிக்க முடியாது. அடி, மிரட்டல் என்று வந்தால் மட்டும் வீட்டைப் பற்றி யோசிக்காமல் வெளியேறி 911ஐக் கூப்பிடுங்கள். வெளியேறியதால் பங்கு போகாது.

பிரிந்த நாள் எது என்பதற்கு ஒரு மெசேஜாவது ஆதாரமாக வைத்திருங்கள், அந்த நாளில்தான் விலை பார்ப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழ் பிரிந்து இருப்பதும் பிரிவுதான். கோர்ட்டில் பங்கு கேட்கப் பிரிந்ததிலிருந்து 6 வருடம், விவாகரத்து கிடைத்ததிலிருந்து 2 வருடம், எது முந்துகிறதோ அதற்குள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.