லிப்ரே ஆபிஸ் திறந்திருக்கும்போதே ஸ்கிரிப்டிலிருந்து இன்னொன்றை இயக்குவது எப்படி?

லிப்ரே ஆபிஸில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்; அதே நேரத்தில் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) வழியாக வேறு கோப்புகளை பிடிஎஃப் ஆக்கப் பார்த்தால் எதுவும் உருவாவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டளை சரியாகவே இருக்கலாம், சிக்கல் சுயவிவரக் கோப்புறையில், அதாவது லிப்ரே ஆபிஸ் உங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் கோப்புறையில்.

லிப்ரே ஆபிஸ் தொடங்கும்போது, அதே சுயவிவரத்தில் வேறொன்று ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால், வந்த வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் வெளியேறிவிடும். அமைப்புக் கோப்புகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இடைஞ்சல்.

அதனால் ஸ்கிரிப்டுக்கென்று தனிச் சுயவிவரம் கொடுங்கள். ‘என்வ்’ தெரிவில் ‘யூசர்இன்ஸ்டலேஷன்’ என்ற மாறிக்குப் புதிய கோப்புறையின் முகவரியைத் தர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: இந்தத் தெரிவுக்கு முன்னால் ஒற்றைக் கோடு மட்டுமே, திரையில் சாளரம் காட்டாமல் இயக்கும் ‘ஹெட்லெஸ்’ தெரிவைப் போல இரண்டு கிடையாது. முகவரியும் வெறும் பாதையாக இருக்கக் கூடாது. ‘ஃபைல்’, முக்காற்புள்ளி, பிறகு 3 சாய்கோடுகள் என்று இணைய முகவரி வடிவில் தொடங்க வேண்டும்.

முதல் தடவை சுயவிவரம் உருவாவதால் கொஞ்சம் தாமதமாகும். ஒரே சமயத்தில் 4 பிடிஎஃப் மாற்றங்கள் ஓட வேண்டுமா? அப்போது 4 கோப்புறைகள் வேண்டும்.

மேக்கில் ‘ஓப்பன்’ கட்டளையின் ‘என்’ தெரிவு எந்தச் செயலியையும் புதிதாக இன்னொரு முறை தொடங்கும். அங்கேயும் லிப்ரே ஆபிஸுக்குத் தனிச் சுயவிவரம் கொடுத்துவிடுங்கள்.