ரோமானிய வெண்கலக் காசுகள்: கேள்வி பதில்

கே: காசின் பின்பக்கம் இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடிக்கம்பம். முன்பக்கம் யார் முகம் சார்?

ப: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பம். 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்', படையின் பெருமை என்ற வரிசை. கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் கி.பி. 330ஐ ஒட்டித் தொடங்கியது; ஒன்றென்றால் சுமார் 335க்குப் பிந்தியது. காசு சிறுத்தது, கம்பமும் குறைந்தது. சிப்பாய்களின் காலடியில் உள்ள எழுத்து, காசு அடித்த அக்கசாலையைச் சொல்லும்: 'எஸ்எம்ஏஎன்' என்று தொடங்கினால் அந்தியோக்கியா. முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரே சாயல். சுற்றியுள்ள பெயரைப் படியுங்கள்.

கே: புளி போட்டுத் தேய்க்கலாமா?

ப: கூடாது. எலுமிச்சை, வினிகரும் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்துங்கள். வெளிர்பச்சை மாவு உதிர்ந்தால் அது வெண்கல நோய். குளோரைடும் ஈரமும் சேர்ந்து காசை அரிக்கிறது. ஈரம் படாமல் தனியாக வையுங்கள்.

கே: இந்தப் படங்களை அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? எண்ணிக் கொடுத்து வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். பிரச்சாரம் என்பதெல்லாம் நம் கற்பனை.

ப: ஒப்புக்கொள்ள மாட்டேன். கி.பி. 68 கலகத்தில் பேரரசன் நீரோவின் காசுகளை எடுத்து, அவன் முகத்தின் மேலேயே 'எஸ்பிக்யூஆர்' (ரோமின் செனட்டும் மக்களும்) என்று முத்திரை குத்தினார்கள். பேரரசன் காரகல்லா 211இல் தம்பி கெட்டாவைக் கொன்றபின், இருவரும் எதிரெதிரே இருந்த ஆசியா மைனர் (இன்றைய துருக்கி) காசுகளில் தம்பியின் தலையை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். பார்க்காதவன் உளியைத் தூக்குவானா?

கே: (அதே நண்பர்) அதெல்லாம் தலைப்பக்கம். பின்பக்கத்தை?

ப: ஸ்பெயினின் பில்பிலிஸ் ஊர்க் காசைப் பாருங்கள். கி.பி. 31இல், பேரரசர் திபேரியஸின் வலதுகையாக இருந்த செஜானஸுக்கு மரண தண்டனை. பல காசுகளில் அவன் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். அந்தப் பெயர் இருந்தது பின்பக்கத்தில்! ஆனால் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 348ஐ ஒட்டி வந்த 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' (நற்காலம் மீண்டது) காசில், குதிரையோடு சரியும் எதிரியைச் சிப்பாய் ஈட்டியால் குத்துவான். அதைப் பார்த்து அடித்த போலிகளில் ஈட்டி இருக்கும், குதிரை இருக்கும். எழுத்து மட்டும் வெறும் கோடு. படத்தைப் பார்த்தார்கள், வாசகத்தைப் பலர் படிக்கவில்லை.

கே: என்ன விலை போகும்?

ப: விலை சொல்வதில்லை.

கே: ஒரே ஒரு சொட்டு எலுமிச்சை, அண்ணே?

ப: மேலே சொன்ன பதிலையே படியுங்கள்.

கே: கரூரில் அமராவதி மணலில் எடுத்தது. வைத்துக்கொள்ளலாமா ஐயா?

ப: அங்கே பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைப்பது உண்மைதான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்சியரிடம் போங்கள். போகும்முன் கழுவ வேண்டாம்.