எண்பது ரூபாய் சாவிக்கொத்து

வணக்கம் சார்,

நாங்கள் கோவையில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, சும்மா டிவி பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்காமல், எங்கள் குடியிருப்புப் பெண்கள் 26 பேர் சேர்ந்து குரோஷா பின்ன ஆரம்பித்தோம். சாவிக்கொத்து, மொபைல் உறை, குழந்தைத் தொப்பி, டீப்பாய் விரிப்பு. அக்டோபரில் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் மேஜை போட்டு விற்றோம். 38,400 ரூபாய் வந்தது. நூலுக்கு 11,000, மேஜை வாடகை, ஃப்ளெக்ஸ், டீ என்று 5,900 போக, 21,500 ரூபாயை நிவாரண நிதிக்கு அனுப்பினோம்.

இந்த வருடமும் மழைக்காலத்தில் எங்காவது ஏதாவது நடக்கத்தான் போகிறது, இப்போதே பின்னி வைக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஆளுக்கு ஆயிரம் போட்டிருந்தால் அன்றைக்கே 26,000 போயிருக்கும். மூன்று மாதம் விரல் வலிக்கப் பின்னி, 4,500 குறைவாக அனுப்பியிருக்கிறீர்கள்" என்கிறார். இது உண்மையில் உதவிதானா சார்? இல்லை, பொழுதும் போச்சு, புண்ணியமும் ஆச்சு என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்கிறோமா?

கோ., கோவை
(பெயரும் குடியிருப்பின் பெயரும் வேண்டாம்.)

அன்புள்ள கோ.,

உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த ஆயிரத்தை அன்றைக்கு அவர் எடுத்து வைத்தாரா என்று நீங்கள் கேட்டிருக்கலாம். உங்கள் மேஜையில் வாங்கியவர்களில் பாதிப் பேர், வெறும் உண்டியல் வைத்திருந்தால் பத்து ரூபாய் போட்டுவிட்டு லிஃப்டுக்குப் போயிருப்பார்கள். கையில் ஒரு பொருள் வருகிறது என்பதால்தான் 80, 200 என்று கொடுத்தார்கள். அந்த அளவில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: தேதி. முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனது ஜூலை 30 அதிகாலை. உங்கள் பணம் புறப்பட்டது அக்டோபரில். அதற்குள் முகாம்களில் இருந்தவர்கள் வாடகை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். வீடு கட்டுவதற்கும் பணம் வேண்டும்தான், உங்கள் 21,500 வீணாகிவிடவில்லை. ஆனாலும் முதல் வாரத்துக்கு வேண்டியது குரோஷா வேகத்தில் போய்ச் சேராது. அதற்கு ஜிபேதான் சரி.

இன்னொன்று, விலை. சாவிக்கொத்து 80 ரூபாய் என்று தனியாக எழுதிய மின்னஞ்சலில் சொல்லியிருந்தீர்கள். நூல், வளையம் எல்லாம் 25 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பின்ன ஒன்றேகால் மணி நேரம். உங்களுக்கு அந்த நேரம் இலவசம், சீரியல் பார்த்துக்கொண்டே பின்னிவிட்டீர்கள். ஆனால் அதே கோவையில் குரோஷா பின்னி வீட்டு வாடகை கட்டுகிற ஒரு பெண் அதே சாவிக்கொத்துக்கு 150 சொன்னால், "எங்க அப்பார்ட்மெண்டில் எண்பதுக்கே கொடுத்தாங்களே" என்று உங்கள் வாடிக்கையாளர்தான் பேரம் பேசுவார். ஒரு ஊருக்கு உதவப் போய் இன்னொருத்தியின் கூலியைக் குறைத்துவிட்டு வருகிறோம். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

குரோஷா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அயர்லாந்து. நீங்கள் பிடித்திருக்கிற அந்தக் கொக்கி ஊசி ஒரு காலத்தில் பஞ்ச நிவாரணக் கருவியாக இருந்தது. 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருடங்களில் பசியிலும் காய்ச்சலிலும் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1847இல் மோனகன் வட்டாரத்தில் குளோனிஸ் என்ற ஊரில், தேவாலயப் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், வெளியூரிலிருந்து ஒரு ஆசிரியையை வரவழைத்து அங்கிருந்த ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார். வெனிஸ் லேஸ் போலவே தோற்றம், ஆனால் ஊசியில் செய்வதைவிடக் கொக்கியில் சீக்கிரம் முடிந்துவிடும். ரோஜாப்பூ ஒரு வீட்டில், இலை இன்னொரு வீட்டில் என்று துண்டு துண்டாகப் பின்னி, கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் இணைப்பார். பசியில் கிடந்த வீட்டுக்குள்ளேயே காசு போனது, கவனியுங்கள். பின்னியவள்தான் பட்டினி கிடந்தவள். பணக்காரச் சீமாட்டிகள் முதலில் இரக்கப்பட்டு வாங்கியிருக்கலாம். அப்புறம் அழகாக இருக்கிறது என்று வாங்கினார்கள். சரக்கு லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனது.

நான் சொல்ல வருவது இதைத்தான். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு தடவை வாங்குவார். பிடித்துப்போய் வாங்குகிறவர்தான் மறுபடி வருவார். எல்லாம் இழந்தவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆள்.

குஜராத்தில் இருக்கிற கட்ச் உங்களுக்குத் தெரிந்திருக்கும், குறைந்தபட்சம் மரக்கட்டை அச்சில் நீலமும் சிவப்புமாக வரும் அஜ்ரக் சேலையாகவாவது. 2001 ஜனவரி 26 காலை அங்கே பூகம்பம் வந்தபோது, தமட்கா என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அஜ்ரக் அச்சிட்டுவந்த கத்ரி குடும்பங்கள் வீடு வாசலை இழந்தன. வீடு போனதைவிடப் பெரிய அடி, நிலத்தடி நீர் மாறியது. தண்ணீரில் இரும்பு கூடிவிட்டது. அஜ்ரக் என்பதே தண்ணீரின் வேலை. துவைத்து, கடுக்காயில் ஊறவைத்து, அச்சிட்டு, அவுரி நீலச் சாயத்தில் முக்கி, மறுபடி துவைத்து என்று பல நாள் ஓடும். அதில் கறுப்பு நிறமே துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுப்பதுதான். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கறுப்பு, தண்ணீரிலேயே கலந்திருந்தால் சிவப்பு மங்கிக் கறுத்துப்போகும். அதனால் பல குடும்பங்கள் புஜ் நகருக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து, அஜ்ரக்பூர் என்று தொழிலின் பெயரிலேயே புது ஊர் அமைத்துக்கொண்டன. இன்றைக்குச் சென்னையில் கல்யாண வீட்டில் அஜ்ரக் கட்டி வருகிறவர்கள் யாரும் பூகம்பத்துக்காகக் கட்டவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கதையே தெரியாது. தெரியாமல் வாங்குகிறார்கள் பாருங்கள், அதுதான் அந்தக் கைவினைஞர்களுக்கு மரியாதை.

சரி, எல்லாருக்கும் அஜ்ரக் மாதிரி ஒரு தொழில் கையில் இருக்காதே என்பீர்கள். அப்படித் தொழில் இருந்தால்கூட வெள்ளம் அதை ஒரே ராத்திரியில் நாசமாக்கிவிடும். எறணாகுளம் மாவட்டத்தில் பறவூருக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம் கைத்தறி ஊர். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளம் வந்தது ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால். நமக்குத் தீபாவளி எப்படியோ அப்படி அந்த நெசவாளர்களுக்கு ஓணம். விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த சேலையும் முண்டும் தறிகளோடு சேர்ந்து சேற்றில் மூழ்கின. வெள்ளைத் துணியில் சேற்றுக்கறை, என்ன செய்தாலும் போகாது. எரித்துவிடலாம் என்ற நிலைமை. அப்போது வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும் சுற்றுலாத் தொழில் நடத்துகிற கோபிநாத் பாறயிலும் அந்தத் துணியை வாங்கி, குளோரின் போட்டுக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து, துண்டாக வெட்டி, முடிச்சுப் போட்டு, கண்ணும் வாயும் வரைந்து சின்னப் பொம்மையாக்கினார்கள். பெயர் சேக்குட்டி. சேறு மலையாளத்திலும் சேறுதான். ஒரு பொம்மை 25 ரூபாய். ஒரு சேலையில் 360 பொம்மை வரும், ஆக 9,000 ரூபாய். நல்ல நாளில் அந்தச் சேலையை விற்றிருந்தாலே 1,300, 1,500தான் கிடைத்திருக்கும்.

உங்கள் ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இங்கேயும் பொம்மை செய்தவர்களில் பலர் பாதிக்கப்படாத தன்னார்வலர்கள்தான். பள்ளிக்கூடம், அலுவலகம் என்று பல இடங்களில் உட்கார்ந்து செய்தார்கள். ஆனால் துணி நெசவாளருடையது, கறை அந்த வெள்ளத்துடையது, பணம் போனது நெசவாளர் சங்கங்களுக்கு. நெசவாளரை யாரும் பொம்மை செய்யச் சொல்லவில்லை. அவர் தறியைத் துடைத்து மறுபடி பாவு ஏற்றுவதற்கு இந்தக் காசு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

என் பையின் ஜிப்பிலும் ஒரு பொம்மை தொங்குகிறது, அது சுனாமிகா. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திய உமா பிரஜாபதி, சுற்றுவட்டார மீனவக் குப்பத்துப் பெண்களை உட்கார வைத்து, ஆடைத் தொழிலில் மிஞ்சிய துணித் துணுக்கில் செய்யக் கற்றுக்கொடுத்த பொம்மை. கடலைப் பார்க்கவே பயந்திருந்த பெண்களுக்குக் கையில் ஒரு வேலை. இதை விற்பதில்லை. பரிசாகத்தான் கொடுப்பார்கள், பிரியப்பட்டவர்கள் நன்கொடை தரலாம். என்னிடம் இருப்பதற்கு ஒரு கண் அழிந்துபோய்விட்டது. மாற்ற மனசில்லை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில் 'வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் செய்தவை' என்று அட்டை எழுதி மெழுகுவத்தி விற்றார்கள். எட்டு வாங்கினேன். எந்த ஊர்ப் பெண்கள், ஒன்றுக்கு அவர்களுக்கு எவ்வளவு போகும் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்பதே தப்பு மாதிரி இருந்தது. அடுத்த மாதம் ஒரு மொத்தக் கடையில் அதே மெழுகுவத்தி, அதே அச்சு, டஜன் கணக்கில் அடுக்கியிருந்தது. அன்றிலிருந்து கேட்டுவிடுகிறேன். உண்மையாகச் செய்கிறவர்கள் கோபப்படுவதில்லை, உட்கார வைத்துச் சொல்கிறார்கள்.

ஆகவே, பின்னுங்கள். ஆனால் இந்தத் தடவை ஏதாவது நடந்தால் முதல் நாளே 26 பேரும் ஆயிரமோ ஐந்நூறோ அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்து 27. முதலமைச்சர் நிவாரண நிதி என்றால் ரசீதும் வரும். மேஜைக்கு அவசரமே இல்லை, ஆறு மாதம் கழித்துப் போடுங்கள். டிவிக்காரர்கள் போன பிறகுதான் அங்கே கடை திறப்பார்கள், தறி ஓட ஆரம்பிக்கும். அப்போது அந்த ஊர்க்காரர்கள் விளைவிப்பதையோ நெய்வதையோ அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிவந்து, உங்கள் மேஜையில் பாதியை அதற்குக் கொடுங்கள். வயநாட்டில் மிளகும் காப்பியும் இருக்கிறது, இரக்கமே இல்லாதவர்கள்கூட வாங்குவார்கள். மீதிப் பாதியில் உங்கள் குரோஷா. நூல் இவ்வளவு, அனுப்பப்போவது இவ்வளவு என்று ஃப்ளெக்ஸில் எழுதிவிடுங்கள். அந்த ஃப்ளெக்ஸும் வேண்டாம், ஒரு சார்ட் அட்டை போதும், அந்தக் காசும் மிச்சம்.

எனக்குக் கண்ணாடி உறை ஒன்று வேண்டும், கருநீல நூலில். 250 ரூபாய் அனுப்புகிறேன். நாலு ரூபாய் குறைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.