ஊரை விட்டு வந்தவர் ஊரை எழுதலாமா?

கேள்வி: பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து பதினைந்து வருடமாகிறது. இப்போதும் ஊரில் நடக்கும் கதைகளையே எழுதுகிறேன். ‘வட்டார மணம் போதவில்லை’ என்று ஓர் ஆசிரியர் திருப்பி அனுப்பினார். வட்டார வழக்கை அள்ளிப் போட்டு எழுதினால், ‘படிக்க முடியவில்லை’ என்கிறார் இன்னொருவர். ஊரை எழுத எனக்கு இனியும் தகுதி உண்டா?

பதில்: தகுதிக் கவலையை விடுங்கள். அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-இல் தன் ஊரான டப்ளினை விட்டுக் கிளம்பியவர். 1922-இல் வெளிவந்த அவருடைய ‘யுலிஸஸ்’ நாவல் முழுக்க டப்ளினில் நடக்கிறது. எழுதியதோ ட்ரியெஸ்ட், ஜூரிக், பாரிஸில். ஆனால் அவர் நினைவை மட்டும் நம்பவில்லை. 1904-ஆம் வருடத்து டப்ளின் முகவரிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாவலின் நாயகன் குடியிருக்கும் எக்கிள்ஸ் தெரு 7-ஆம் எண் வீட்டுக் கம்பி வேலியைச் சாதாரண ஆள் ஏறித் தாண்ட முடியுமா என்று தாய்மாமன் மனைவிக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்.

நீங்களும் முதலில் கதை நடக்கும் வருடத்தை முடிவு செய்யுங்கள். வெளியூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். கதாநாயகன் கையில் செல்போன் இருக்கும், ஊர் மட்டும் தாங்கள் பஸ் ஏறிய நாளிலேயே நின்றிருக்கும். அப்புறம் ஒரு தாளில் ஊரை வரையுங்கள். தண்ணீர் எடுக்கும் இடம், பஸ் நிற்கும் இடம், இடையில் நடக்க எத்தனை நிமிடம், யார் எந்தத் தெருவுக்குள் போகமாட்டார் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். கடைசி பஸ் எட்டரைக்கு என்றால், எட்டு மணிச் சண்டையில் ஒருத்தி எடுக்கும் முடிவே வேறு. கதையைப் பக்கத்து மாவட்டத்துக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள். ஊர்ப்பெயரைத் தவிர எதையும் திருத்த வேண்டியிராவிட்டால், அந்த முதல் ஆசிரியர் சொன்னது சரி. திருவிழாவும் பலகாரமும் சேர்த்து அதைச் சரிக்கட்ட முடியாது.

இரண்டாமவர் புகாருக்கு வருவோம். ‘தல வலிக்குது’, ‘எல போடு’ என்று எழுத்தை உடைப்பது வட்டார வழக்கே அல்ல. தமிழ்நாட்டில் பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தலை, இலை என்றே எழுதுங்கள், வாசகர் காது மாற்றிக்கொள்ளும். வட்டாரம் தெரிவது வினை முடியும் விதத்திலும், உறவுமுறையிலும், தொழில் சொற்களிலும். கொங்கு ‘ங்க’வை வாக்கியத்துக்கு ஒன்றாகத் தூவினால் போதாது, யார் யாரிடம் அதைச் சொல்கிறார், யாரிடம் சொல்வதில்லை என்பதில்தான் ஊரே இருக்கிறது. உறவுமுறையில் இன்னும் கவனம் வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா. கொங்கில் அப்புச்சி அம்மாவைப் பெற்றவர். ஓர் எழுத்து தவறினால் குடும்பமே மாறிவிடும். தொழில் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடாதீர்கள், பாத்திரம் அந்தக் கருவியைக் கையாளும்போதே அர்த்தம் புரிய வேண்டும்.

கரிசலுக்குக் கி.ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் தொகுத்த சொல்லகராதிகள் இருக்கின்றன. சந்தேகம் தீர்க்க அவை நல்லவை. அபூர்வச் சொல்லாகப் பொறுக்கிக் கதையில் பதிக்க இறங்கினால், அருங்காட்சியகம்தான் மிஞ்சும்.

உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து, ஊரிலேயே இருக்கும் ஒருவருக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள். கதை எப்படி என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லாயிருக்கு என்பார். ‘இப்படி யாராவது பேசுவாங்களா?’ என்று மட்டும் கேளுங்கள்.